கண்ணாடிச் செருப்பும் மாற்றாந்தாயும்: பழங்கதைகள் நம்மிடம் வந்து சேர்ந்த வழி

நண்பகல் வரை தூங்குகிறவரைக் கும்பகர்ணன் என்கிறோம். இருவருக்கு நடுவே கலகம் மூட்டுகிறவர் நாரதர், கூடவே இருந்து குழி பறிக்கிறவர் சகுனி. நல்ல மென்பொருள் போல வேடமிட்டுக் கணினிக்குள் நுழையும் தீய நிரலுக்கு ட்ரோஜன் என்று பெயர். இதையெல்லாம் சொல்லும்போது நாம் கதை சொல்வதாகவே நினைப்பதில்லை. ஆனால் அந்த ஒற்றைப் பெயருக்குள் ஒரு முழுக் கதை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. கேட்பவர் அதை ஒரு நொடியில் விரித்துக்கொள்கிறார்.

பழங்கதைகள் இன்றைய வாழ்க்கையில் எதிரொலிக்கின்றன என்ற பேச்சு அடிக்கடி வருகிறது. வரும்போதெல்லாம் மூன்று கருத்துகளில் ஒன்று காதில் விழும். 'அந்தக் காலத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள்' என்பது ஒன்று. 'உலகத்தில் இருப்பது ஒரே கதைதான், அதைத்தான் எல்லாரும் திரும்பச் சொல்கிறார்கள்' என்பது இன்னொன்று. 'அதெல்லாம் குழந்தைகளைத் தூங்க வைக்கக் கட்டிய பொய்' என்பது மூன்றாவது. மூன்றுமே கதைகள் உண்மையில் எப்படி உயிர் பிழைக்கின்றன என்பதைக் கவனிக்காமல் சொல்லப்படுபவை. அந்த 'எப்படி'யைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் இரண்டு சொற்கள்

தொன்மம் என்றால் ஒரு சமூகம் தன் உலகம் எப்படி உண்டானது, தெய்வங்கள் யார், எது சரி எது தவறு என்பவற்றை விளக்கச் சொல்லும் புனிதக் கதை. சொல்பவரும் கேட்பவரும் அதை உண்மையாக நம்பியிருப்பார்கள், அல்லது ஒரு காலத்தில் நம்பியிருந்தார்கள்.

தேவதைக் கதை அப்படியல்ல. 'ஒரு ஊரில் ஒரு ராஜா' என்று தொடங்கும்போதே இது நடந்த கதை அல்ல என்ற ஒப்பந்தம் உண்டாகிவிடுகிறது. ஊருக்குப் பெயர் இல்லை, ராஜாவுக்கும் பெரும்பாலும் பெயர் இல்லை. இத்தனைக்கும் பல தேவதைக் கதைகளில் தேவதையே வருவதில்லை. மாயம் மட்டும் எங்காவது ஓரிடத்தில் வந்துவிடும்.

இந்த எல்லை கறாரானது அல்ல. ஓர் ஊரில் தொன்மமாக இருப்பது இன்னோர் ஊருக்குப் போகும்போது வெறும் கதையாகிவிடலாம்.

ஒற்றையடிப் பாதை

புல்வெளியில் ஒற்றையடிப் பாதை விழுவதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் திட்டம் போட்டு அதை அமைப்பதில்லை. ஒருவர் நடந்த தடத்தில் அடுத்தவர் நடக்கிறார். குறுக்கே ஒரு மரம் விழுந்தால் பாதை அதைச் சுற்றி வளைந்து போகும். பல வருடம் கழித்து மரம் மக்கி மண்ணான பிறகும் வளைவு அப்படியே இருக்கும். ஏன் வளைகிறோம் என்று தெரியாமலே எல்லாரும் வளைந்து நடப்பார்கள். நடப்பதை நிறுத்திவிட்டால் ஒரே மழைக்காலத்தில் புல் மூடிவிடும்.

கதையும் அப்படித்தான். ஒவ்வொருவரும் திரும்பச் சொல்வதால்தான் அது இருக்கிறது, சொல்லும் ஒவ்வொருவரும் அதைக் கொஞ்சம் நகர்த்துகிறார்கள். அந்த வளைவை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உங்கள் கைபேசிக்குள் இருக்கும் குட்டிச்சாத்தான்

கதையின் மிக எளிய எதிரொலி சொற்களில் கேட்கிறது. பழைய ஜெர்மனியில் சுரங்கத் தொழிலாளர்களுக்கு ஒரு தாது தொல்லை கொடுத்தது. பார்க்க நல்ல தாது போல இருக்கும், உலையில் இட்டால் எதிர்பார்த்த உலோகம் வராது, நச்சுப் புகைதான் கிளம்பும். அதில் ஆர்சனிக் கலந்திருந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. பூமிக்கடியில் வாழும் 'கோபோல்ட்' என்ற குறும்புப் பேய்தான் நல்ல உலோகத்தைத் திருடிக்கொண்டு இதை வைத்துவிட்டது என்று நம்பினார்கள். அந்தத் தாதுவிலிருந்து பின்னர் பிரிக்கப்பட்ட உலோகத்துக்குக் கோபால்ட் என்ற பெயர் நிலைத்தது. இன்று பல கைபேசிகளின் மின்கலத்துக்குள் இருப்பது அதே கோபால்ட். பேய் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது, பெயர் போகவில்லை.

டான்டலம் என்ற உலோகமும் கைபேசிகளில் பயன்படுகிறது. 1802இல் அதைக் கண்டறிந்த ஸ்வீடன் வேதியியலாளர் எக்கபெர்க், கிரேக்கத் தொன்மத்தில் வரும் டான்டலஸை நினைத்துப் பெயர் வைத்தார். டான்டலஸ் பெற்ற தண்டனை கொடியது: கழுத்தளவு நீரில் நிற்பான், குனிந்தால் நீர் விலகிவிடும். இந்த உலோகமும் அமிலத்துக்குள் முழுகி நின்றாலும் ஒரு சொட்டைக்கூட ஏற்பதில்லை. ஒரு வேதியியல் பண்பைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. 1844இல் அதனோடு ஒட்டியே இருந்த இன்னோர் உலோகத்தைப் பிரித்துக் காட்டியவர், டான்டலஸின் மகள் நியோபியின் பெயரால் அதை நியோபியம் என்றழைத்தார்.

இங்கே கதை சுருக்கெழுத்தாக வேலை செய்கிறது. பத்து வாக்கியம் தேவைப்படும் இடத்தில் ஒரு பெயர் போதுகிறது. ஆனால் சுருக்கும்போது சில சமயம் பிழையும் சேர்ந்துவிடும். திறந்தால் உலகத்துத் தீமைகளெல்லாம் வெளியேறிவிடும் என்ற கிரேக்கக் கதையை வைத்து 'பண்டோராவின் பெட்டி' என்று உலகமே சொல்கிறது. பண்டைய கிரேக்கக் கவி ஹீசியட் சொன்னது பெட்டி அல்ல, தானியமும் எண்ணெயும் சேமிக்கும் பெரிய தாழி. 16ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் என்ற அறிஞர் லத்தீனில் எழுதும்போது தாழியைக் குறிக்கும் சொல் சிறு பேழையைக் குறிக்கும் சொல்லாக மாறியது. அதிலிருந்து பண்டோரா கையில் பெட்டிதான் இருக்கிறது.

சுருக்கமாக இதுவரை: கதைகள் மொழிக்குள் பெயர்களாக ஒடுங்கி வாழ்கின்றன. நம்பிக்கை மறைந்தாலும் பெயர் தங்கும். தங்கும் பெயர் மூலத்துக்கு உண்மையாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

ஒரு செருப்பின் பயணம்

சொல்லைத் தாண்டி முழுக் கதைக்கு வருவோம். சிண்ட்ரெல்லா கதை தெரியாதவர் குறைவு. வீட்டில் கொடுமைப்படுத்தப்படும் பெண், மாய உதவி, விழா, தவறவிட்ட செருப்பு, அது யார் காலுக்குப் பொருந்துகிறது என்ற தேடல்.

சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் ஸ்ட்ராபோ என்ற கிரேக்கப் புவியியல் அறிஞர் ஒரு செய்தியைக் குறித்து வைத்தார். ரோடோபிஸ் என்ற பெண் குளித்துக்கொண்டிருக்கும்போது அவள் செருப்பைக் கழுகு ஒன்று தூக்கிக்கொண்டு போய் எகிப்தின் மெம்ஃபிஸ் நகரில் அரசன் மடியில் போடுகிறது. அரசன் செருப்புக்குரியவளைத் தேடிக் கண்டுபிடித்து மணக்கிறான். இதில் மாற்றாந்தாய் இல்லை, விழாவும் இல்லை. செருப்பும் தேடலும் மட்டும் இருக்கின்றன.

சீனாவில் 9ஆம் நூற்றாண்டில் துவான் செங்ஷி எழுதிவைத்த யே ஷியென் கதையில் மாற்றாந்தாய் வந்துவிடுகிறாள். அந்தப் பெண் ஆசையாக வளர்த்த மீனை அவள் கொன்றுவிடுகிறாள். மீனின் முட்கள்தான் பெண்ணுக்கு வேண்டியதையெல்லாம் கொடுக்கின்றன. தொலைந்துபோவது பொன் செருப்பு. 1697இல் பிரான்ஸில் பெரோ என்ற எழுத்தாளர் எழுதியபோது தேவதையும் பூசணிக்காய் வண்டியும் கண்ணாடிச் செருப்பும் கதைக்குள் வந்தன. 1812இல் ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட வடிவத்தில் தேவதைக்குப் பதில் தாயின் கல்லறைமேல் வளர்ந்த மரமும் பறவைகளும் உதவுகின்றன. செருப்பு மறுபடி பொன்னாகிறது. சகோதரிகள் செருப்புக்குள் நுழைப்பதற்காகத் தங்கள் காலையே வெட்டிக்கொள்கிறார்கள்.

இதில் எது 'உண்மையான' சிண்ட்ரெல்லா? கேள்வியே தவறு. பாதையின் எந்த அடி உண்மையான அடி என்று கேட்பது போன்றது அது. கிரிம் வடிவம் இரத்தம் தோய்ந்தது, அதனால் அதுதான் மூலம் என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். ஆனால் அது பெரோவுக்கு நூறு ஆண்டுகளுக்கும் மேல் பிந்தி அச்சேறியது.

இங்கே இரண்டு கலைச்சொற்கள் உதவும். கதைக்கூறு என்பது தனியாகப் பிரித்தெடுத்து இன்னொரு கதையில் வைக்கக்கூடிய சிறு துண்டு: பொருந்தும் செருப்பு, பேசும் பறவை, திறக்கக் கூடாத கதவு. கதை வகை என்பது அப்படிப்பட்ட துண்டுகள் ஏறக்குறைய ஒரே வரிசையில் கோக்கப்பட்ட மாலை. பின்லாந்தின் ஆன்ட்டி ஆர்ன 1910இல் கதை வகைகளுக்கு எண் கொடுத்துப் பட்டியல் போட்டார், ஸ்டித் தாம்சன் அதை இரண்டு முறை விரிவாக்கினார், 2004இல் ஹான்ஸ்-யோர்க் ஊத்தர் திருத்தி அமைத்தார். அதில் சிண்ட்ரெல்லா கதைக்கு எண் 510. அந்தப் பட்டியலுக்கெல்லாம் முன்பே, 1893இல், மரியன் ரோல்ஃப் காக்ஸ் என்ற பெண் தனியொருவராக இந்த ஒரு கதைக் குடும்பத்துக்கு மட்டும் 345 வடிவங்களைத் திரட்டி வெளியிட்டார். அந்த உழைப்பை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

'எல்லாமே ஒரே கதைதானே' என்பவர்களுக்கு இந்தப் பட்டியல் பதில் சொல்கிறது. ஒரே கதையாக இருந்தால் நூற்றுக்கணக்கில் எண்கள் எதற்கு? ரஷ்ய ஆய்வாளர் விளாதிமிர் ப்ராப் 1928இல் 31 நிகழ்வுகள் கொண்ட பொதுச் சட்டகம் ஒன்றைக் காட்டியது உண்மை. ஆனால் அவர் எடுத்துக்கொண்டது ரஷ்ய மாயக் கதைகளில் ஒரு நூறு. அவற்றுக்குள் அந்த ஒழுங்கு இருக்கிறது என்றார். உலகத்துக் கதைகள் அனைத்துக்கும் அதை நீட்டுவது பின்னால் வந்தவர்களின் வேலை.

பேரக் குழந்தையின் மூக்கு

சரி, எழுதி வைக்காத காலத்துக் கதையின் வயதை எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு குடும்பத்தின் பேரப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்துங்கள். பாட்டியைப் பார்த்ததே இல்லையென்றாலும், பலருக்கும் ஒரே மாதிரி மூக்கு இருந்தால் அது பாட்டியிடமிருந்து வந்திருக்கலாம் என்று ஊகிக்கலாம். மொழியியலாளர்கள் உறவு மொழிகளின் சொற்களை ஒப்பிட்டுத் தாய்மொழியை ஊகிப்பதும் இப்படித்தான்.

2016இல் சாரா கிராசா டா சில்வா, ஜேமி தெஹ்ரானி இருவரும் இந்தி முதல் ஆங்கிலம் வரை ஒரே குடும்பமாக உள்ள இந்தோ-ஐரோப்பிய மொழிகள் பேசும் மக்களிடையே வழங்கும் 275 மாயக் கதைகளை இந்த முறையில் ஆராய்ந்தார்கள். 'அழகியும் விலங்கும்' (பியூட்டி அண்ட் த பீஸ்ட்) போன்ற கதைகள் சில ஆயிரம் ஆண்டுகள் பழையவையாக இருக்கலாம் என்றும், தன் ஆன்மாவைச் சாத்தானிடம் அடகு வைத்து அவனையே ஏமாற்றும் கொல்லன் கதை வெண்கலக் காலம் வரை போகலாம் என்றும் முடிவுக்கு வந்தார்கள். எல்லா ஆய்வாளர்களும் இதை ஏற்கவில்லை. கதைகள் பெற்றோரிடமிருந்து மட்டும் வருவதில்லை, வழிப்போக்கரும் வணிகரும் கைதிகளும் கொண்டுவருவார்கள். பக்கத்து வீட்டுக் கதை நம் வீட்டுக் கதையாவது மூக்கைவிட எளிது.

மறதி செய்யும் வேலை

இப்போது உள்ளே இருக்கும் இயக்கத்துக்கு வருவோம். கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃப்ரெடரிக் பார்ட்லெட் தன் சோதனைகளை 1932இல் நூலாக வெளியிட்டார். வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் கதை ஒன்றை ஆங்கிலேயர்களிடம் படிக்கக் கொடுத்துப் பிறகு நினைவிலிருந்து சொல்லச் சொன்னார். கதையில் ஆவிகளின் போர் வருகிறது, சாகும் மனிதனின் வாயிலிருந்து கருப்பாக ஏதோ வெளிவருகிறது. திரும்பச் சொல்லச் சொல்ல, அவர்களுக்குப் புரியாத இடங்கள் உதிர்ந்தன. மரத்தைக் குடைந்து செய்த ஓடம் சாதாரணப் படகானது. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பானது. யாரும் வேண்டுமென்று மாற்றவில்லை. நினைவு, தனக்குப் பழக்கமான அச்சில் கதையை வார்த்துக்கொண்டது.

அப்படியானால் எல்லா அதிசயமும் தேய்ந்து கதைகள் சப்பென்று ஆகியிருக்க வேண்டுமே? ஆகவில்லை. மனம் பெரும்பாலும் இயல்பான கதையில் ஒன்றிரண்டு விந்தைகளை நன்றாகப் பிடித்துக்கொள்கிறது என்கிறார்கள் அறிவாற்றல் ஆய்வாளர்கள். பேசும் ஓநாய் ஒன்று வரட்டும், ஆனால் அது பசிக்கும் ஓநாயாக, பொய் சொல்லும் ஓநாயாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் விந்தை வந்தால் கேட்பவர் தொலைந்துபோவார். விந்தையே இல்லையென்றால் திரும்பச் சொல்லத் தோன்றாது.

இந்தப் பகுதியின் சாரம் இவ்வளவுதான்: புரியாதது உதிர்கிறது, பழக்கமானது உள்ளே நுழைகிறது, அளவான விந்தை ஒட்டிக்கொள்கிறது. தலைமுறை தலைமுறையாக இந்தச் சல்லடையில் விழாமல் தங்கியதுதான் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

மூலத்தில் இல்லாத வரி

இதற்கு நேரடியான சான்று, கதைகளின் மிகப் புகழ்பெற்ற இடமே பல சமயம் பழைய நூலில் இல்லாமல் இருப்பது. கிரேக்க வீரன் அக்கிலிஸுக்குக் குதிகாலில் மட்டுமே அடிபட்டுச் சாகும் பலவீனம் உண்டு என்பார்கள், அது ஹோமரின் இலியட் காவியத்தில் இல்லை. தாய் அவனைக் குதிகாலைப் பிடித்து ஆற்றில் முக்கியெடுத்த கதை நமக்குக் கிடைப்பது பல நூற்றாண்டு கழித்து, கி.பி. 1ஆம் நூற்றாண்டின் ரோமக் கவி ஸ்டேஷியஸிடம். ஆதாமும் ஏவாளும் உண்டதை விவிலியத்தின் ஆதியாகமம் கனி என்று மட்டும் சொல்கிறது. ஆப்பிள் பின்னால் வந்தது.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு லட்சுமணக் கோடு. நீதிமன்றம் முதல் வீட்டுச் சண்டை வரை 'தாண்டக் கூடாத எல்லை' என்ற பொருளில் இந்தச் சொல் வருகிறது. வால்மீகியில் அந்தக் கோடு இல்லை. கம்பனிலும் இல்லை. கம்பனில் இராவணன் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துக்கொண்டு போகிறான், கோட்டுக்கு அங்கே வேலையே கிடையாது. பிற்கால மறுகூறல்களில் வந்து சேர்ந்த ஒரு கோடு மூலத்தைவிட ஆழமாகப் பதிந்துவிட்டது.

இதைக் 'கலப்படம்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரோ ஒரு கதைசொல்லிக்கு, எச்சரிக்கை என்ற கண்ணுக்குத் தெரியாத விஷயத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி தரையில் வரைந்து காட்டத் தோன்றியிருக்கிறது. அது அபாரமான கற்பனை. ஆனால் அதே கோட்டைக் காட்டி ஒரு பெண்ணை வீட்டுக்குள் நிறுத்தும்போது, 'இதிகாசமே சொல்லியிருக்கிறது' என்று முடித்துவிடாமல், எந்தக் காலத்தில் யாருக்கு இந்தக் கோடு தேவைப்பட்டது என்று கேட்கலாம்.

மக்கிப்போன மரமும் மாற்றாந்தாயும்

அந்த வளைவுக்கு இப்போது திரும்புவோம். கிரிம் சகோதரர்களின் பனிவெள்ளை (ஸ்நோ ஒயிட்) கதையின் 1812ஆம் ஆண்டுப் பதிப்பில், அழகில் பொறாமை கொண்டு பெண்ணைக் கொல்லச் சொல்பவள் பெற்ற தாய். 1819ஆம் ஆண்டுப் பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். ஹான்ஸல், கிரேட்டல் என்ற பிள்ளைகளைப் பஞ்சத்தில் காட்டுக்குள் விட்டுவரச் சொல்பவளும் முதலில் தாய்தான். 1840 பதிப்பில் அவளும் மாற்றாந்தாய். புத்தகம் குழந்தைகள் உள்ள வீடுகளுக்குள் போகத் தொடங்கியிருந்தது. பெற்ற தாய் இப்படிச் செய்வாள் என்று அச்சிடக் கூசியது அந்தக் காலம். பழியைத் தாங்க வேறொருத்தி தேவைப்பட்டாள்.

கொடிய மாற்றாந்தாயைக் கிரிம் சகோதரர்கள் கண்டுபிடிக்கவில்லை, யே ஷியென் கதையிலேயே அவள் இருக்கிறாள். பிரசவத்தில் தாய்மார் சாவது சகஜமாக இருந்த காலங்களில் பல வீடுகளுக்கு இரண்டாம் தாய் வந்தாள். இருக்கும் கொஞ்சத்தை எந்தப் பிள்ளைக்குப் பங்கிடுவது என்ற சண்டை உண்மையானது. அது பாதையில் விழுந்த மரம். இன்று பல இடங்களில் அந்த மரம் மக்கிவிட்டது. ஆனாலும் பாரபட்சமாக நடத்தப்படுவதைச் சொல்ல நாளிதழ்கள் 'மாற்றாந்தாய் மனப்பான்மை' என்றுதான் எழுதுகின்றன.

எனக்கு இது சிறிய விஷயமாகப் படவில்லை. இன்னொருவர் பெற்ற பிள்ளையை வளர்க்க ஒரு பெண் ஒரு வீட்டுக்குள் வரும்போது, அவள் வாய் திறப்பதற்கு முன்பே ஒரு கதை அவளுக்காக அங்கே காத்திருக்கிறது. குழந்தையும் அதைக் கேட்டிருக்கிறது, சுற்றத்தாரும் கேட்டிருக்கிறார்கள். அவள் ஒருநாள் கண்டித்துப் பேசினால் போதும், கதை தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்ளும். 'வெறும் கதைதானே' என்பவர்கள் அந்தப் பெண்ணின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும்.

கேட்டது கிடைக்கும், நினைத்தது கிடைக்காது

எல்லா எதிரொலியும் பழைய பழிகளைச் சுமந்து வருவதில்லை. சில புதிய சிக்கல்களை யோசிக்கவே உதவுகின்றன. வரம் கேட்கும் கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டதெல்லாம் பொன்னாக வேண்டும் என்று கேட்ட கிரேக்கக் கதை மன்னன் மைடாஸுக்கு உணவும் பொன்னாகிறது. (மகள் பொன்னாகும் உருக்கமான காட்சி 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க எழுத்தாளர் நத்தானியேல் ஹாதார்ன் சேர்த்தது, இதுவும் மூலத்தில் இல்லாத வரிதான்.) இரணியன் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறான்: மனிதனாலும் விலங்காலும், பகலிலும் இரவிலும், உள்ளேயும் வெளியேயும் சாவு வரக் கூடாது என்று ஓட்டையே இல்லாத பட்டியல் போடுகிறான். நரசிம்மம் அந்திப் பொழுதில் வாசற்படியில் அவன் கதையை முடிக்கிறது. விதியின் ஒரு சொல்கூட மீறப்படவில்லை.

நிரல் எழுதுபவர்களுக்கு இது அன்றாட அனுபவம். கணினி நாம் நினைத்ததைச் செய்யாது, எழுதியதைச் செய்யும். செயற்கை நுண்ணறிவுத் துறையில் ஸ்டூவர்ட் ரஸல் என்ற அறிஞர் இந்த ஆபத்தை மைடாஸ் சிக்கல் என்றே சொல்கிறார்: இயந்திரத்துக்கு நாம் கொடுக்கும் இலக்கும் நம் உண்மையான விருப்பமும் வேறாக இருந்தால், இயந்திரம் எவ்வளவு திறமையானதோ அவ்வளவு கேடு. அதற்காக அந்தக் காலத்திலேயே கணினியைக் கண்டுவிட்டார்கள் என்று பொருள் இல்லை. சொல்லுக்கும் விருப்பத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை அவர்கள் அறிந்திருந்தார்கள். அந்த இடைவெளி இன்னும் மூடப்படவில்லை.

நீங்களே ஒன்றைத் தொட்டுப் பாருங்கள்

அடுத்த முறை ஒரு பழங்கதை மேற்கோளாக வரும்போது, அதில் எது உதிர்ந்திருக்கிறது என்று தேடிப் பாருங்கள். இகாரஸ் கதை நல்ல தொடக்கம். அளவுக்கு மீறி ஆசைப்படுபவர்களை எச்சரிக்க இதைச் சொல்வார்கள்: மெழுகால் ஒட்டிய சிறகோடு சூரியனை நெருங்கினான், மெழுகு உருகிக் கடலில் விழுந்தான், ஆகவே உயரப் பறக்காதே. ஆனால் ரோமக் கவி ஓவிட் எழுதியிருப்பதைப் படித்தால், சிறகைக் கட்டிவிடும்போது தந்தை டீடலஸ் மகனுக்கு இரண்டு எச்சரிக்கை கொடுக்கிறார். மேலே போனால் வெயில் மெழுகை உருக்கும். மிகவும் தாழப் பறந்தால் கடல் ஈரம் ஏறிச் சிறகு கனத்துவிடும், அப்போதும் விழுவாய்.

அந்த இரண்டாவது வரியை நாம் எங்கேயோ உதிர்த்துவிட்டோம்.